பழக்கமில்லாத ஒரு புரோகிராமுக்குள் நுழையும்போது ஸ்டாட்டிக் டைப்பிங் (எந்தத் தகவல் எந்த வகை என்று புரோகிராம் ஓடும் முன்பே குறித்துவைப்பது), எடிட்டர் வசதிகள் எல்லாம் உண்மையில் உதவுமா?

உதவும், ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. பிழையைப் பிடிக்கும் என்பார்கள், சரி, பிடிக்கட்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் எழுதியதிடமே கேள்வி கேட்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய லாபம்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து வேலை செய்கிறேன். பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களுக்கு அறை பதிவு செய்யும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் ஒன்று கைக்கு வந்தது. அதில் 'ஸ்டேட்டஸ்' என்று தேடினால் பதிவின் ஸ்டேட்டஸ், கொடுப்பனவின் ஸ்டேட்டஸ், அறையின் ஸ்டேட்டஸ், போதாததற்கு சர்வர் பதிலோடு வரும் எச்டிடிபி ஸ்டேட்டஸ், எல்லாம் சேர்ந்து வந்து கொட்டும், ஏனென்றால் தேடலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், எது எதனுடையது என்று தெரியாது. பதிவுக்கு மட்டும் டைப்ஸ்கிரிப்டில் (டைப் குறிக்கும் வசதி சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) ஒரு டைப் எழுதி, அது போய்வரும் ஃபங்ஷன்களிலும் அதைக் குறித்த பிறகு, விஎஸ் கோட் எடிட்டரில் அதன் ஸ்டேட்டஸ் ஃபீல்டில் நின்று ஷிஃப்ட் எஃப்12 அழுத்தினால் பதிவின் ஸ்டேட்டஸைத் தொடும் இடங்கள் மட்டும் வருகின்றன. மவுஸை மேலே வைத்தால் அது எடுக்கக்கூடிய மதிப்புகளும் தெரியும்: காத்திருப்பு, உறுதி, ரத்து. முன்பு இதற்கு டேட்டாபேஸைத் தோண்ட வேண்டும், அங்கேயும் இதுவரை யாரும் பயன்படுத்தாத மதிப்பு கண்ணில் படாது.

எந்த எடிட்டர் என்பது இப்போது பெரிய விஷயமில்லை. இந்த வசதிகளை எந்த எடிட்டரும் பெற வழிசெய்யும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை 2016இல் மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்ட பின் விம் என்ற பழைய எடிட்டரைப் பயன்படுத்தும் ஆட்களுக்கும் இதே வசதி கிடைக்கிறது.

நம்பக்கூடாத இடங்களும் உண்டு. யாராவது சோம்பலில் 'எனி' (எந்த வகையும் வரலாம் என்று பொருள்) போட்டிருந்தால் தடம் அங்கேயே அறுந்துவிடும். சர்வரிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தகவலுக்கு நீங்கள் எழுதும் டைப் வெறும் வாக்குறுதிதான், ஓடும்போது டைப்ஸ்கிரிப்ட் அதைச் சரிபார்க்காது. பைதானும் அப்படித்தான்: 2015இல் வந்த 3.5 முதல் டைப் குறிப்புகள் எழுதலாம், ஆனால் சரிபார்க்க மைபை, பைரைட் போன்ற கருவி ஒன்று தனியாக வேண்டும். அப்புறம், ஒரு விதியை ஏன் அப்படி வைத்தார்கள் என்பதை எந்த டைப்பும் சொல்லாது. அதற்கு, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய ஆளுக்கு ஒரு கோல் எடுங்கள்.

எல்லாவற்றையும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்ற உட்கார வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டாகவே வைத்து, அதிகம் புழங்கும் இரண்டு மூன்று பொருள்களுக்கு ஜேஎஸ்டாக் எனும் குறிப்புரை (கமென்ட்) முறையில் டைப் எழுதினாலே விஎஸ் கோட் வழிகாட்டத் தொடங்கிவிடும்.