இறந்த நேரத்தைக் கண்ணின் நீர் சொல்லுமா?

செந்தூல் வாசகர்: அப்பா ஃபிளாட்டில் தனியாக இருந்தபோது தவறிவிட்டார். "முந்தின நாள் ராத்திரியிலிருந்து மறுநாள் மதியத்துக்குள்" என்று மட்டும் டாக்டர் சொன்னார். திதி பார்க்க வேண்டும். ரசாயனப் பரிசோதனையில் சரியான மணி தெரியாதா?

தெரியாது ஐயா. உங்கள் டாக்டர் சொன்னதுதான் நேர்மையான பதில்.

உயிரோடு இருக்கும்போது பொட்டாசியத்தை உயிரணுக்கள் தங்களுக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். அதற்குச் சக்தி வேண்டும். இறந்தபின் அந்தச் சக்தி தீர்ந்துபோய், பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். ரத்தத்தில் அது சீக்கிரமே தாறுமாறாக ஏறிவிடுவதால் கணக்குக்கு உதவாது. விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற நீர் ஒதுங்கிய இடத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றம் நிதானமாக நடக்கும். அதனால்தான் அதை அளக்கிறோம்.

ஆனால் அளவை மணியாக மாற்றும் சூத்திரம் ஒன்றல்ல. லிட்டருக்கு 10 மில்லிமோல் வந்தது என்று வையுங்கள். ஸ்டர்னர் 1960களில் தந்த சூத்திரப்படி 32 மணி நேரம் ஆகியிருக்கும். மடேயா 1989இல் தந்த சூத்திரப்படி 22 மணி நேரம்கூட ஆகாது. ஒரே அளவு, பத்து மணி நேர வித்தியாசம்! நம் ஊர் வெக்கையில் கசிவு இன்னும் வேகமாக நடக்கும். உடம்புச் சூட்டை வைத்துப் பார்க்கலாம் என்றால், 30 டிகிரி அறையில் 37 டிகிரி உடம்பு மிக மெதுவாகத்தான் ஆறும்.

குருக்களிடம் அந்த இடைவெளியை அப்படியே சொல்லுங்கள். ஒரு மணியை நாமாக இட்டுக்கட்ட வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகி: கண்ணில் ஊசி போட்டால் அம்மாவின் முகம் கெட்டுவிடாதா?

கெடாதம்மா. விழியின் வெளி ஓரத்தில் மெல்லிய ஊசியால் சில மில்லிலிட்டர் எடுத்துவிட்டு, அதே அளவு நீரை உள்ளே செலுத்துவார்கள். கண் பழையபடி இருக்கும். தாராளமாக முகம் பார்த்து வழியனுப்பலாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: அண்ணனுக்கு இனிப்பு நீர் இருந்தது. அது காரணமா என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். இறந்தபின் கண் நீரில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அப்படியிருந்தும் மிக அதிகமாக இருந்தால், சாகும்போது ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது என்று பொருள். ஆனால் குறைவாக இருந்தால், சர்க்கரை இறங்கித்தான் இறந்தார் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பாயான் பாரு வாசகர்: உடலைப் பார்த்தவுடன் ஏர்கோன் அடைக்கலாமா?

தொடாதீர்கள். போலீஸ் வரும்வரை அப்படியே விடுங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்டால், அது எத்தனை டிகிரியில் ஓடியது, எப்போது அடைத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஜன்னல், மின்விசிறிக்கும் இதேதான்.