போன் கேமில் மட்டும் கவனம் இருக்கிறதே?

கேள்வி: மகன் தரம் 4 படிக்கிறான். வகுப்பில் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். கொப்பி, பென்சில் எல்லாம் தொலைத்துவிட்டு வருவான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் இரண்டு ரியூசன் விட்டும் பயனில்லை. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, துடியாட்டக் குறைபாடாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள் என்கிறார் ரீச்சர். ஆனால் போன் கேம் என்றால் மணிக்கணக்காக அசையமாட்டான்! மாமியோ, "தகப்பனும் இப்படித்தான், வளர வளரச் சரியாகும்" என்கிறார்.
- பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்: தங்கை, போன் கேமை வைத்து முடிவு செய்யாதீர்கள். நொடிக்கு நொடி சத்தமும் புள்ளியும் தருகிற விளையாட்டு யாரையும் பிடித்து வைக்கும். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கவனமே இல்லை என்றில்லை. சலிப்பான வேலையில் அதை இழுத்து நிறுத்துவதுதான் பெரும்பாடு. இது தெரியாமல்தான் "நினைத்தால் உன்னால் ஏலும்" என்று பிள்ளையை ஏசிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக எல்லாக் குழப்படியும் ஏ.டி.எச்.டி. ஆகாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இதைக் காட்டித்தர இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. வைத்தியர் உங்களிடமும் ரீச்சரிடமும் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார். பார்வை, காது, நித்திரை சரியா என்றும் பார்ப்பார். யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கே போகலாம். ஊர் என்ன சொல்லும் என்ற யோசனையை விடுங்கள், ஊரா வந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்போகிறது?

மெதைல்பெனிடேட் என்ற மருந்து தரலாம். பசி குறையும், நித்திரை பிந்தும் என்பதால் நிறை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ரியூசனில் ஒன்றை இப்போதே நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், முடித்ததும் அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். அடி வேண்டவே வேண்டாம்.

இனி மாமி சொன்னது. கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கை 70 முதல் 80 வீதம் என்கின்றன. "வளர வளரச் சரியாகும்" என்பது பாதி உண்மை. ஓட்டமும் துடியாட்டமும் குறையும். பலருக்கு மறதி, நேரம் பிந்துவது, ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது எல்லாம் பெரியவரான பிறகும் போகாது. கரண்ட் பில் கட்ட மறந்து, வேலை மாறி மாறி, கடைசியில் "பொறுப்பில்லாதவர்" என்று பெயர் எடுப்பார்கள். உங்கள் கணவர் அப்படியா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்! பெரியவர்களுக்கும் பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு.

ஒன்று கவனியுங்கள். உங்கள் கணவர் போரால் வந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வைச் சிறுவனாகக் கண்டவர் என்றால், படிப்புக் குழம்பியதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அதற்கு முன்பே எப்படி இருந்தார் என்று சொல்லக்கூடியவர் மாமிதான். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய தேர்ச்சி அறிக்கை ஏதும் மிஞ்சியிருந்தால் மகனுடைய கொப்பிகளோடு அதையும் கொண்டுபோங்கள்.