மாடத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நண்பனின் நிக்காஹ்வுக்காக முதன்முறையாகப் பள்ளிவாசலுக்குள் போனேன். தொழுகை நேரத்தில் எல்லோரும் ஒரு மாடத்தைப் பார்த்து நின்றார்கள். பிறகு எட்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் கோயிலில் மூலஸ்தானம் மாதிரி அதற்குள் ஏதாவது இருக்குமா, நானா? தப்பாக நினைப்பானோ என்று நண்பனிடம் கேட்கவில்லை.
(தலவாக்கலை வாசகர்)

பதில்: கேட்டிருக்கலாம் தம்பி. அவனுக்கும் தெரியாமல் இருந்தால் இரண்டு பேருமாக மௌலவியிடம் போயிருப்பீர்கள், ஒரு தேத்தண்ணியாவது கிடைத்திருக்கும்.

நீங்கள் பார்த்தது சரிதான், உள்ளே ஒன்றுமில்லை. அதன் பெயர் மிஹ்ராப். நாங்கள் நோக்கித் தொழுகிற கஃபா, மக்காவில் இருப்பது, எந்தப் பக்கம் என்று காட்டுகிற சுவர்மாடம். மூலஸ்தானத்தில் சாமி இருக்கிறது, இங்கே யாரும் குடியிருக்கவில்லை. மாடத்தை யாரும் வணங்குவதும் இல்லை. இமாம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓதுகிறார் அல்லவா? குழிந்த சுவர் அவர் குரலைப் பின்னால் இருப்பவர்களுக்குத் திருப்பி அனுப்பும். மைக் வராத காலத்தில் அது பெரிய உதவி.

மதீனாவில் நபியவர்கள் கட்டிய பள்ளியில் இந்தக் குழிந்த மாடமே கிடையாது. பேரீச்சை மரத்தண்டுதான் தூண், பேரீச்சை ஓலைதான் கூரை. ஒரு ரமழான் இரவில் மழை பெய்து கூரை ஒழுகி, காலையில் நபியவர்களின் நெற்றியில் ஈரமண் ஒட்டியிருந்ததாக ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. தகரக்கூரை லயனில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மிஹ்ராப் வந்தது பிறகுதான். 707 முதல் 709 வரை, கலீபா வலீதின் காலத்தில், மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் அந்தப் பள்ளியைத் திருத்திக் கட்டியபோது வைத்தார்.

அப்புறம் அந்த வெறும் மாடத்தின் மேல் ஆளாளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஸ்பெயினில், கொர்தோபாவில், 10ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகம் பள்ளியைப் பெருப்பித்தபோது, மிஹ்ராபைச் சுற்றித் தங்க நிறச் சில்லுகளைப் பதித்தார்கள். அங்கே மாடம் சின்ன அறையாகவே ஆகிவிட்டது. அந்த அறையும் காலிதான். குர்ஆனில் 24ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இறைவனின் ஒளிக்கு உவமை சொல்கிறது: ஒரு மாடம், அதற்குள் விளக்கு, விளக்கைச் சுற்றிக் கண்ணாடி. எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் பள்ளிகளில் தொங்கவிட்ட கண்ணாடி விளக்குகள் பலவற்றில் இந்த வசனத்தையே எழுதினார்கள். விளக்கை ஏற்றினால் எழுத்துக்கும் வெளிச்சம் வரும். மாடத்தைக் காலியாக விட்டதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் கார்பட் கோடுகள் சுவருக்குக் கோணலாக ஓடுகின்றன. பார்க்கவே அசிங்கம். கட்டடத்துக்கு நேராக விரித்தால் என்ன?
(கம்பளை வாசகர்)

பதில்: அந்தக் கோணலைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு குறுகுறுக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் மலையகத்திலிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 24 பாகை தள்ளி இருக்கிறது. நிலமோ சரிவு, கிடைத்த துண்டை ரோட்டுக்கு நேராகக் கட்டிவிடுவோம். பிறகு, தொழ வரிசையாக நிற்கிற கோட்டைத்தான் திருப்ப வேண்டும்.

நான் படவரைஞராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பள்ளிக்குக் கிப்லா (தொழும் திசை) பார்க்கப் போனேன். மழை தூறியது. ஒதுங்கிய இடத்தில், அடுக்கி வைத்திருந்த தகரத்துக்கும் கம்பிக்கட்டுக்கும் பக்கத்திலேயே நின்று திசைகாட்டியைப் பிடித்தேன். இரும்பு ஊசியை இழுத்துவிட்டது. அத்திவாரம் முக்கால்வாசி வெட்டியான பிறகு, தொழுகைக்கு அழைக்கிற மோதினார் வந்து, "தம்பி, இந்தப் பக்கம் நான் ஒருநாளும் தொழுததில்லையே" என்றார். மேசன் பாஸ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

திசைகாட்டியை நம்பாதவர்களுக்குச் சூரியன் இருக்கிறது. மே 28 அளவில் நம் நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அளவில் 2.57க்கும் அது கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நிமிடம் வெட்டவெளியில் ஒரு தடியை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து தடியை நோக்கிக் கோடு போட்டால் அதுதான் கிப்லா. நானும் திருத்திய அளவைச் சரிபார்க்கத் தடி நட்டேன். மே மாதம் மழை, ஜூலையில் பனிமூட்டம். அடுத்த வருடம்தான் நிழல் விழுந்தது, அதற்குள் பள்ளிக்குக் கூரையே போட்டாகிவிட்டது. நல்லவேளை, அளவு சரி.

ஆகவே கோட்டில் கைவைக்காதீர்கள். சுவர் தப்பாக நிற்கிறது, தொழுகிறவர்களின் ஸஃப் (வரிசை) சரியாக நிற்கிறது. எதை மாற்றுவீர்கள்? எத்தனை பாகை வரை விலகலாம் என்ற மார்க்கச் சட்டத்தை மௌலவியிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

கேள்வி: ஓடு போட்ட எங்கள் பழைய பள்ளியை இடித்து, குவிமாடமும் மினாராவும் வைத்துக் கட்டப் போகிறார்கள். இவை இல்லாவிட்டால் பள்ளி ஆகாதா?
(வெலிமடையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஆகும், மகள். நபியவர்களின் தோழர் பிலால் அவர்கள் மதீனாவில் விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைத்தது மினாராவிலிருந்து அல்ல, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி நின்று. அந்த வீடு பனூ நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவருடையது. மழைக்கு ஓட்டுக்கூரைதான் நல்லது என்பது என் கட்சி, ஒழுகாத கொங்கிரீட் குவிமாடத்தை நான் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் நிர்வாகம் கேட்குமா தெரியாது.

கேட்காவிட்டால், வுழூ செய்ய (தொழுகைக்கு முன் கைகால் கழுவ) வைத்த தண்ணீர்த் தொட்டியான ஹவுளையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். நான் ஓதப்போன பள்ளியில் ஹவுளுக்குள் கெளுத்தி மீன்கள் இருந்தன. ஸுபஹுக்கு வுழூ செய்யக் கையை விட்டால் விரல் மரத்துப்போகும், மீன் வந்து முட்டினாலும் தெரியாது. மோதினார் கேத்தலில் சுடுதண்ணீரோடு பக்கத்தில் நிற்பார். அது வயசாளிகளுக்கு மட்டும். பொடியன்கள் நாங்கள் கேட்டால், "மீனுக்குக் குளிரவில்லையே" என்பார்.