அண்ணன் தம்பி சண்டை படத்தில் வரலாமா?

கேள்வி: நாங்கள் குலசேகரம் பக்கம். அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர், இப்போது இல்லை. அவரிடம் கேட்டு வளர்ந்த பாட்டுகளோடு கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடுகிறோம். அண்ணன் பாட்டு எழுதுவார், தம்பி மெட்டுப் போட்டு கிட்டார் வாசிப்பான், நான் பாடுவேன். தம்பியின் நண்பர் ஒருவர் எங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார். ஒருநாள் ரிகர்சலில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. பணம், போஸ்டரில் யார் பெயர் முதலில், தம்பி கல்ஃப் போகிற பேச்சு எல்லாம் வந்துவிட்டது. அம்மா நடுவில் வந்து அழுதார். எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அண்ணன் அதை வெட்டச் சொல்கிறார். தம்பியோ அமெரிக்காவில் அண்ணன் தம்பி பேண்ட் ஒன்றைப் பற்றி வந்த படத்தைக் காட்டி, "அவங்க விவாகரத்தைக்கூட மறைக்கல" என்கிறான். அம்மா, "எனக்க பிள்ளியளுக்க சண்டைய ஊரு பாக்கணுமா?" என்கிறார். இயக்குநர் ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தம் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார். அப்பா பாடின பழைய கேசட்டும் அவரிடம்தான் இருக்கிறது. நான் யார் பக்கம் நிற்பது?
— பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. கேட்டதற்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காட்சி படத்தில் இருக்கலாம். அம்மா அழுகிற காட்சி, அம்மா சம்மதித்தால் மட்டும். ஒப்பந்தத்தில் இப்போதைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அண்ணன் எழுதுவார், தம்பி மெட்டுப் போடுவான், நான் பாடுவேன் என்று ஒரே வரியில் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் போஸ்டரில் யார் பெயர் முதலில் என்று சண்டை வருகிறது. அப்படியென்றால் வேலை பிரிந்திருக்கிறது, பங்கு பிரியவில்லை. எந்தப் பாட்டு யாருடையது, மேடைக்கு வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்று நீங்கள் மூவரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. படம் எடுக்க ஆள் வந்திருக்காவிட்டாலும் இந்தச் சண்டை என்றாவது ஒருநாள் வந்திருக்கும். எனவே சண்டைக் காட்சியை வெட்டினால் படத்திலிருந்துதான் போகும், வீட்டிலிருந்து போகாது.

உங்கள் அப்பா இருந்த வில்லுப்பாட்டுக் குழுவை நினைத்துப் பாருங்கள். நடுவில் புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதையை எடுத்துவிடுவார். வலத்தே ஒருவர், இடத்தே ஒருவர். குடத்தின் வாயில் பத்தி என்கிற அடிக்கும் மட்டை விழுந்து 'தும் தும்' என்று கிளம்பும்போது உடுக்கு எங்கே சேர வேண்டும், ஜால்ரா எங்கே அடங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடை என்கிற கோயில் திருவிழா மேடையில் விடிய விடியப் பாடினாலும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் ஏறுவதில்லை. குடம் அடிக்கிறவர் தன்னைப் புலவருக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டு அடித்தால் அந்த அடி எழும்பவே எழும்பாது. உங்கள் பேண்டில் மூன்று பேருக்கும் திறமை இருக்கிறது. ஆனால் யாருக்கு எந்த இடம் என்று அங்கே இருந்த அந்தத் தீர்மானம் உங்களிடம் இன்னும் வரவில்லை.

சரி, தம்பி காட்டிய படத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதைப் பார்த்தால் 2017இல் வந்த 'மே இட் லாஸ்ட்' படமாகத்தான் இருக்க வேண்டும். ஜட் அபடோவும் மைக்கேல் பான்ஃபிக்லியோவும் சேர்ந்து இயக்கியது. வட கரோலினாவில் கான்கார்ட் என்ற ஊரில் வளர்ந்த ஸ்காட் ஏவெட், சேத் ஏவெட் என்ற அண்ணன் தம்பியின் நாட்டுப்புற ராக் பேண்டைப் பற்றியது. அண்ணன் பேஞ்சோ, தம்பி கிட்டார். 2016இல் வந்த அவர்களுடைய 'ட்ரூ சேட்னஸ்' ஆல்பம் உருவாகிற காலத்தை ஒட்டிப் படம் போகிறது. தம்பி சேத்தின் விவாகரத்து அதில் வருவது உண்மை. ஆனால் அதைச் சொல்வது சேத். அது அவருடைய வாழ்க்கை, அவரே பாட்டாகவும் எழுதிவிட்ட விஷயம். பேண்டில் பேஸ் வாசிக்கும் பாப் கிராஃபோர்டின் மகளுக்கு 2011இல், இரண்டு வயது நிரம்பும் முன்பே, மூளையில் கட்டி வந்தது. அந்த வேதனையும் படத்தில் இருக்கிறது. அதையும் அந்தத் தகப்பனே தன் வாயால் சொல்கிறார். யாருடைய துக்கமோ அவர்தான் அங்கே வாய் திறக்கிறார். உங்கள் தம்பி இதைக் கவனித்தாரா என்று கேளுங்கள். அம்மாவின் அழுகையைப் படத்தில் வைக்கலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அண்ணனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மனதைப் பிழிந்து எழுதிய ஒரு பாட்டைப் பதிவு செய்து முடிக்கிறார்கள். சுற்றி இருப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அண்ணனும் தம்பியும் வெளியே வந்து நின்றுகொண்டு, வலியில் பிறந்த ஒன்றுக்கு வாழ்த்து வாங்குவது என்னவோ மாதிரி இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சங்கடத்தை உணர்கிறார்கள். உங்கள் அண்ணனும் தம்பியும் இந்தக் காட்சியைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் நல்லது. இன்னொரு விஷயத்தையும் தம்பியிடம் சொல்லுங்கள். அந்த பேண்டின் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஸ்காட், சேத், பாப் மூவர் பெயரும் சேர்ந்தே போடப்படுகிறது. பேஸ் வாசிப்பவர் உடன்பிறந்தவர்கூட இல்லை. ஆனாலும் பெயர் உண்டு. கேமராவுக்கு முன்னால் அவர்கள் அவ்வளவு திறந்து பேச முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அண்ணனுடைய பயமும் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்தில் வீட்டு விஷயம் முக்கு வரைக்கும் போனாலே மானம் போய்விட்டது என்பார்கள். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். இசக்கியம்மன் கோயில் கொடையில் நீலி கதை பாடும்போது ஊரே உட்கார்ந்து எதைக் கேட்கிறது? தங்கை கொலையாகிறாள், அண்ணன் அந்தத் துக்கத்திலேயே சாகிறான், மறுபிறவியில் இருவரும் நீலனும் நீலியுமாக, அப்போதும் உடன்பிறந்தவர்களாகவே பிறக்கிறார்கள். குடும்பத்துக்குள் நடந்த கொடுமை, துரோகம், ஆத்திரம் எல்லாவற்றையும் பந்தலில் விளக்குப் போட்டுப் பாடுகிற ஊர் நம்முடையது. உங்கள் அப்பா குடம் அடித்ததே அப்படிப்பட்ட கதைகளுக்குத்தான். அண்ணன் தம்பி வாக்குவாதம் செய்ததை இந்த ஊர் தாங்கிக்கொள்ளும். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். சண்டை வந்தால் அது எதனால் வந்தது, பிறகு என்ன ஆனது என்பதும் படத்தில் வர வேண்டும். கத்துகிற ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து டிரெய்லரில் போட்டு ஆள் சேர்ப்பது கூடாது. நேர்மையான இயக்குநர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கொடை நடக்கும்போதும் படம் எடுத்திருந்தால், சாமியாடியவர்களின் முகம் அதில் தெரியும். அவர்களிடமும் கோயில் பொறுப்பாளர்களிடமும் இயக்குநர் கேட்டாரா என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் நாளை ஊருக்குள் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இப்போது ஒப்பந்தம். இதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் பல கலைஞர்கள் ஏமாந்து போகிறார்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு வரிகளின் உரிமை எழுதியவருக்கு, மெட்டின் உரிமை மெட்டுப் போட்டவருக்கு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு. இவை எல்லாம் தனித்தனி. படத்தில் உங்கள் பாட்டு வருவதாலேயே பாட்டு தயாரிப்பாளருடையது ஆகிவிடாது. நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் ஆகும். அதனால்தான் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

2012இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் சேர்த்த பாட்டுக்கு, திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர்த்து, மற்ற வழிகளில் பயன்படுத்தும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. வாரிசுக்கோ, வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் அந்தப் பங்கு போகாது. இன்னும் ஒன்று: உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்தெந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்தவர்கள் 'காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இந்தப் படத்துக்குள் இன்னின்ன பாட்டைப் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறோம் என்று பாட்டுகளின் பெயரைப் போட்டு மாற்றச் சொல்லுங்கள். அண்ணன் எழுதிய பாட்டு எது, கொடைகளில் வழிவழியாகப் பாடி வருவது எது என்பதையும் பிரித்து எழுதுங்கள். வழிவழியாக வந்ததை யாரும் தனக்கு என்று சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் பாடிப் பதிவு செய்த விதம் உங்களுடையது.

எடிட்டிங் முடிந்து படத்தை இறுதி செய்வதற்கு முன் மூவரும் அம்மாவும் ஒருமுறை முழுப் படத்தையும் பார்ப்போம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். படத்தில் சேராத மிச்சக் காட்சிகளை வேறு எதற்கும் உங்களைக் கேட்காமல் பயன்படுத்தக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். தம்பியின் நண்பர்தானே என்று கூச்சப்பட வேண்டாம். நண்பர் நாளைக்குப் படத்தை வேறு நிறுவனத்துக்கு விற்றால், அவர்கள் நண்பர்கள் இல்லை. நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, தமிழில் வரிக்கு வரி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

கேசட்டை மட்டும் இந்தப் பேச்சு எதற்கும் காத்திருக்காமல் இயக்குநரிடமிருந்து இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். பிரதி எடுத்திருந்தால் அந்தக் கோப்பையும் வாங்குங்கள். பழைய டேப்பில் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வையுங்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. அப்பா அடித்த குடம் அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றால், படம் வருவதும் வராததும் அதற்கு அப்புறம்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? மூன்று பேரும் சேர்ந்து போய் உட்காராதீர்கள். அவர் பிள்ளைகளுக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். நீங்கள் மட்டும், கேமரா இல்லாத நேரத்தில், அந்தக் காட்சியை ஃபோனில் போட்டுக் காட்டுங்கள். தான் அழுவது எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல் அவரால் முடிவு சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உங்கள் கடிதத்திலேயே என் மனதைத் தொட்டுவிட்டது. இயக்குநர் கெட்டிக்காரராக இருந்தால், அழும் முகத்தை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடமே கேட்பார்.

அண்ணனிடம் நீங்கள் முதலில் பேசுங்கள். படத்தைப் பற்றி வேண்டாம். காலையில் ரப்பர் வெட்டு, கடை, ஸ்கூல் என்று அவரவர் வேலைக்கு ஓடுகிற வீடாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஒரு தாளை எடுத்து உங்கள் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று பக்கத்தில் குறியுங்கள். எழுத எழுத, இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாட்டு எத்தனை என்று அவர்களுக்கே தெரியும். நீங்கள் வெறும் பாடகி இல்லை என்பதும் அங்கே வெளிவர வேண்டும். ராகத்தை மாற்றியது, வரியைத் திருத்தியது, எந்தப் பாட்டை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தது எல்லாம் நீங்களாகவும் இருக்கலாம். தயங்காமல் எழுதுங்கள். போஸ்டரில் பேண்டின் பெயர் பெரிதாகவும், மூவர் பெயரும் ஒரே அளவிலும் போட்டால் பாதிச் சண்டை தீரும்.

தம்பி கல்ஃப் போவதைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. அவன் போவதைத் துரோகம் என்று அண்ணன் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கடன் இருக்கிற வீட்டில் பேண்டை மட்டும் நம்பி இருக்கச் சொல்வது நியாயமில்லை. போவதற்கு முன் முடிந்த அளவு பாட்டுகளை ஸ்டுடியோவில் பதிவு செய்து வையுங்கள். அவன் ஊரில் இல்லாதபோது கிட்டாருக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளலாமா, அப்போது அவன் போட்ட மெட்டுக்கு அவனுக்கு என்ன பங்கு, திரும்பி வந்தால் அவன் இடம் அப்படியே இருக்குமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதை அவனையே எழுதச் சொல்லி, அண்ணனைப் படிக்கச் சொல்லுங்கள்.