என்னுடையது எது?

அன்புள்ள ஐயா,

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு மூன்று. அரையாண்டு விடுமுறை வரப்போகிறது. போன வருடம் விடுமுறையில் ஒரு வீடியோவைப் பார்த்து பிஸ்கட்டால் வீடு கட்டினோம். கிரீம் உருகிக் கூரை சரிந்துவிட்டது. பெண் அழுதுவிட்டாள். அவள் தூங்கிய பிறகு நானே எல்லாவற்றையும் பிரித்து அழகாகக் கட்டி முடித்தேன். காலையில் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டோம். எல்லோரும் பாராட்டினார்கள். இந்த முறை அடுப்பில்லாமல், வீடு அழுக்காகாமல், பிள்ளைகளே செய்து சாப்பிடும்படி எளிய கைவேலைகள் சொல்ல முடியுமா? நிறத்துக்கு என்ன சேர்க்கலாம்? நம் ஊரில் இந்த மாதிரிப் பழக்கமே இல்லையே என்பது என் வருத்தம்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பனங்குருத்தோலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் திருக்கார்த்திகை. ‘நம் ஊரில் இந்த மாதிரிப் பழக்கமே இல்லையே’ என்ற வரிக்கு வந்ததும் கையிலிருந்த ஓலையாலேயே உங்களை ஒரு தட்டுத் தட்டலாமா என்று தோன்றியது. திருப்பூர் தூரம், தப்பித்தீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். வீடு அழுக்காகும். மாவு சிந்தும், எறும்பு வரும், துடைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், சங்குப்பூ ஊறிய தண்ணீர் போதும். அந்த நீலத் தண்ணீரில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும். உங்கள் பெண் அதையே ஒரு மணி நேரம் செய்துகொண்டிருப்பாள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சாயப்பொடி வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டது பஞ்சுமிட்டாய் செய்த குற்றத்துக்காக அல்ல, அதில் கலந்திருந்த ரோடமின்-பி என்ற துணிச்சாயத்துக்காக. மூன்று வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும்போது பொம்மைக்குக் கண் வைக்கிறேன் என்று முழு வேர்க்கடலையையோ முந்திரியையோ எடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கறுப்பு எள் இருக்கிறதே.

பிஸ்கட் வீடு சரிந்ததற்கும் உங்கள் பெண் காரணமல்ல. ஜெர்மனியில் இஞ்சி ரொட்டியால் வீடு கட்டுகிறவர்கள் வெண்ணெய்க் கிரீமால் ஒட்டுவதில்லை. முட்டையின் வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையைக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்தால் சுண்ணாம்புச் சாந்து போல இறுகிவிடும். நம் ஊர் வெயிலில் வெண்ணெய்க் கிரீமை நம்பிக் கூரை வேய்ந்தால் கொத்தனாரே வந்தாலும் நிற்காது.

இது போகட்டும். கடிதத்தின் நடுவே, கேள்வியாகக்கூட இல்லாமல், ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘அவள் தூங்கிய பிறகு நானே எல்லாவற்றையும் பிரித்து அழகாகக் கட்டி முடித்தேன்.’ அம்மா, காலையில் எழுந்து அந்த வீட்டைப் பார்த்து உங்கள் பெண் என்ன சொன்னாள்? குடும்பக் குழுவில் பாராட்டியவர்களைப் பற்றியெல்லாம் எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை.

உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஒரு விநாயகர் சதுர்த்தி. மகளுக்கு ஐந்து வயது. பிடி கொழுக்கட்டைக்கு மாவு கிளறி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்திருந்தோம். அவளும் ஒன்று பிடித்தாள். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வாலாக இழுபட்டிருந்தது. எலி என்றாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் நான் அதை எடுத்து ஒரே அழுத்து அழுத்தினேன். நான்கு விரலும் சீராகப் பதிந்து லட்சணமான கொழுக்கட்டையாகிவிட்டது. அதைத் தட்டில் மற்றவற்றோடு அடுக்கினேன். வெந்து மூடியைத் திறந்ததும் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். “என்னுடையது எது?” என்றாள். இருபது கொழுக்கட்டை, இருபதும் ஒரே மாதிரி. நான் ஏதோ ஒன்றைக் காட்டினேன். அவள் அதை ஊதி ஊதி ஆற்றி, அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. “இது அப்பா விரல்” என்று சொல்லித் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் மாவு பிசையக் கூப்பிட்டபோது படம் வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள்.

இத்தனைக்கும் நான் வளர்ந்த வீட்டில் வேறு மாதிரி நடந்தது. எங்கள் தென்கோடியில் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்வோம். வறுத்த அரிசி மாவு, வறுத்து உடைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சீவிய கருப்பட்டி, சுக்கு, ஏலம். இவ்வளவையும் பிசைந்து பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் நீளமாக அடைத்து, ஓலையின் நாராலேயே கட்டிப் பானையில் அவிப்பார்கள். பிசைவது ஆச்சி. அடைப்பதும் கட்டுவதும் பிள்ளைகள். ஆச்சி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முடிச்சு. எனக்கு இரட்டை முடிச்சு, அக்காவுக்குப் பூ முடிச்சு, சித்தப்பா மகனுக்கு ஓலை நுனியில் ஒரு கிழிசல். அவிந்து வந்ததும் அவரவர் கட்டியது அவரவருக்கு. ஒரு வருடம் நான் சரியாகக் கட்டாமல் ஆவித் தண்ணீர் உள்ளே இறங்கி என்னுடையது கூழாகிவிட்டது. ஆச்சி அதை வேறொன்றுக்கு மாற்றித் தரவில்லை. ஓலையை விரித்து, பாதியைத் தானே வழித்துத் தின்றுவிட்டு, “நாரை இன்னும் ஒரு சுற்று சுற்றியிருக்கணும்லே” என்றார். அவ்வளவுதான். அந்தக் கூழில் ஓலையின் வரிகள் இலேசாகப் பதிந்திருந்தன. பனை மணமும் கருப்பட்டியுமாக, நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லிச் சொல்லியே ஒரு கூட்டத்தைக் கைவேலையிலிருந்து விரட்டிவிட்டோம். அதே வாய்தான் பிடித்து வைத்தால் பிள்ளையார் என்றும் சொல்கிறது. ஒரு கை மஞ்சளைக் கூம்பாகப் பிடித்து அருகம்புல் செருகினால் சாமியே வந்து உட்கார்ந்துகொள்கிறார். தும்பிக்கை எங்கே என்று அவர் கேட்பதில்லை. நாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம்.

கோணலாக இருப்பது சமையலில் குறையும் அல்ல. சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வழுவழுவென்று இறுக்கி உருட்டுவதுதான் எண்ணெயில் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு தெறிக்கிறது. பிள்ளைகள் இலேசாக உருட்டிப் போட்டதில் விரிசல் இருக்கும், ஆவி அதன் வழியே போய்விடும். என் மாமியார் பேரப்பிள்ளைகளை உருட்டவிட்டு, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் வரவிட மாட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கொழுக்கட்டையில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகப் பிடித்தால் நடுவில் வேகாது. அப்போதும் நீங்கள் பிடித்துத் திருத்தக்கூடாது. வேகாது என்று சொல்லுங்கள், அவளே இரண்டாக்குவாள். ஆக்காவிட்டால் கூடுதலாகப் பத்து நிமிடம் அவியுங்கள், எரிவாயு தீர்ந்துவிடாது.

பழக்கம் இல்லை என்றீர்களே. மாவிளக்கு என்ன? பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, கட்டைவிரலால் நடுவில் குழி அழுத்தி, நெய்விட்டுத் திரி ஏற்றி, எரிந்து முடிந்ததும் விளக்கையே சாப்பிட்டுவிடுகிறோம். இதைவிட ஒரு கைவேலை எந்த வீடியோவில் வருகிறது? கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்கல் என்ற பொரித்த இனிப்பைச் செய்யும் வீடுகளில் மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டும். பக்கத்து வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.

அடுப்பில்லாமல் ஒன்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஒரு கோப்பை பொட்டுக்கடலை மாவு, முக்கால் கோப்பை நாட்டுச்சர்க்கரை, இரண்டு ஏலக்காய். சர்க்கரையையும் ஏலக்காயையும் பொடித்துச் சலித்து மாவில் கலந்துகொள்ளுங்கள். உருக்கி ஆறிய நெய்யைக் கால் கோப்பையில் ஆரம்பித்து, பிடிபடும் வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் பிரித்துக் கொடுங்கள். பெண் எலியோ வீடோ செய்யட்டும். பையன் கிண்ணத்தில் பாதி நேராக வாய்க்குள் போய்விடும். அவன் பங்கை மட்டும் சற்றுக் கூட்டிப் போடுங்கள்.