டயோசிஸ் கவுன்சில்ல லே மெம்பருக்கு என்னதான் பவர்?

ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "எங்க சபையில இருந்து டயோசிஸ் (ஒரு பிஷப்போட பொறுப்புல இருக்கிற சபைகள்) கவுன்சிலுக்கு இந்த வருஷம்தான் என்னை எலெக்ட் பண்ணாங்க. முதல் கூட்டத்துலயே சபை நிலம் ஒண்ணை விக்கிற தீர்மானம் வந்துச்சு. நான் ஒரு கேள்வி கேட்டேன், பக்கத்துல இருந்த ஐயர் (குருவானவர்) 'அதெல்லாம் பிஷப்பும் குருமாரும் பாத்துக்குவாங்கம்மா, நீங்க ஜெபம் பண்ணிக்கோங்க'ன்னாங்க. எங்களுக்குனு உண்மையிலேயே அதிகாரம் ஏதாவது இருக்கா? பிஷப் வேண்டாம்னு சொல்லிட்டா எங்க ஓட்டு என்ன ஆகும்?"

ஜெபம் பண்ணுங்க சகோதரி, கேள்வியும் கேளுங்க, ரெண்டுக்கும் சேர்த்துதான் சபை உங்களை அனுப்பியிருக்கு. நான் லே மெம்பரா, அதாவது குருப்பட்டம் இல்லாத சபை அங்கத்தினரா, பல வருஷம் இந்தக் கூட்டங்கள்ல உக்காந்தவன், அப்புறம் ஃபைனான்ஸ் கமிட்டியிலயும் இருந்தேன், அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல உங்க டயோசிஸோட சட்ட புத்தகத்தை வாங்குங்க, யாராவது சொல்லிக் கேட்டது போதாது. அதுல எங்கெல்லாம் கவுன்சில், கமிட்டினு பேர் வருதோ அங்க எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்க: பிஷப் அவங்ககிட்ட "ஆலோசனை கேக்கணும்"னு போட்டிருக்கா, இல்ல "சம்மதம் வாங்கணும்"னு போட்டிருக்கா. மேலோட்டமா படிச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா உங்க அதிகாரம் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு. ஆலோசனைன்னா நீங்க சொல்றதை அவர் கேட்டாகணும், ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. சம்மதம்னா நீங்க சரின்னு சொல்லாம அந்த வேலை நடக்கவே கூடாது.

இதை ரொம்பத் தெளிவா எழுதி வச்சிருக்கறது கத்தோலிக்க சபையோட 1983 திருச்சபைச் சட்டம். மேய்ப்புப் பணிப் பேரவைனு பொதுநிலையினர் (லே மெம்பர்கள்தான்) நிறைய பேர் இருக்கிற அமைப்பு ஒண்ணு உண்டு, அதுக்கு ஆலோசனை உரிமை மட்டும்தான். அதே சட்டத்துல ஒவ்வொரு மறைமாவட்டத்துலயும் (டயோசிஸ்) ஒரு நிதிக்குழு கண்டிப்பா இருக்கணும், கணக்கு வழக்கும் சிவில் சட்டமும் தெரிஞ்ச மூணு பேராவது அதுல இருக்கணும், ஆயரோட (பிஷப்போட) நெருங்கின சொந்தக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாதுனு இருக்கு. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல மறைமாவட்டச் சொத்தை விக்கணும்னா இந்த நிதிக்குழு சம்மதிக்கணும், குருக்கள் மட்டுமே இருக்கிற ஆலோசகர் குழுவும் தனியா சம்மதிக்கணும். சம்மதம் வேணும்னு சட்டம் சொல்ற இடத்துல அது இல்லாம செஞ்சா அந்தச் செயலே செல்லாது. ஆலோசனை மட்டும் போதும்னு இருக்கிற இடத்துலயும், கேக்காமலே செஞ்சா அதுவும் செல்லாது. அதனால "ஆலோசனைதானே"னு யாராவது சொன்னா சாதாரணமா எடுத்துக்காதீங்க, உங்ககிட்ட கேக்கறதே சட்டப்படி ஒரு கடமையா இருக்கலாம்.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) வழியில வந்த சபைகள்ல லே பங்கு இன்னும் ஆழமானது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ல ஆரம்பிச்சப்போ ஆங்கிலிக்கன் மட்டும் இல்ல, மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டீரியன்னு பல மரபும் ஒண்ணா வந்துச்சு, அதுல சபை ஜனங்களே கூடி முடிவெடுக்கிற பழக்கம் உள்ளவங்களும் இருந்தாங்க. பிஷப், குருமார், சபைகள்ல இருந்து வர்ற லே பிரதிநிதிகள்னு மூணு பேரும் சேர்ந்ததுதான் அங்க பெருமன்றம். ஐயர் சொன்ன மாதிரி ஒரு தரப்பு மட்டும் பாத்துக்கிற ஏற்பாடு அது இல்ல.

அடுத்தது ஓட்டை எப்படி எண்றாங்கன்றது, பிஷப் வேண்டாம்னா என்ன ஆகும்னு கேட்டீங்களே, அதுக்குப் பதிலும் இதுலதான் இருக்கு. சில இடத்துல எல்லாரையும் ஒண்ணா எண்ணுவாங்க, சில இடத்துல பிஷப், குருமார், லேனு ஹவுஸ் ஹவுஸா தனித்தனியா எண்ணுவாங்க. இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னா, 2012 நவம்பர்ல இங்கிலாந்து திருச்சபையோட பொது சினட்ல (அவங்களோட தலைமை மன்றம்) பெண்கள் பிஷப் ஆகலாம்ன்ற சட்டம் ஓட்டுக்கு வந்துச்சு, ஒவ்வொரு ஹவுஸ்லயும் மூணுல ரெண்டு பங்கு வேணும். பிஷப்புகள்ல 44 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. குருமார்ல 148 ஆதரவு, 45 எதிர்ப்பு. லே ஹவுஸ்ல 132 ஆதரவு, 74 எதிர்ப்பு, ஆறு ஓட்டு குறைஞ்சுபோச்சு, சட்டம் விழுந்துடுச்சு. மொத்தமா எண்ணியிருந்தா 324க்கு 122னு சுலபமா ஜெயிச்சிருக்கும். அதுக்கப்புறம் லே மெம்பர்களோட திரும்ப உக்காந்து பேசி 2014 ஜூலைலதான் பாஸ் ஆச்சு. அந்த முடிவு எனக்குப் பிடிச்சதா இல்லையான்றது வேற, ஆனா பிஷப்புகள் கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டதை லே ஹவுஸ் தனியா நிறுத்த முடிஞ்சதுன்றதைப் பாருங்க. அதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும். உங்க சட்டத்துல பிஷப் ஒரு தனி ஹவுஸா இருந்தா, நீங்களும் குருமாரும் சேர்ந்தாலும் அவரை மீறி ஒண்ணை நிறைவேத்த முடியாது. அப்படி இல்லாம எல்லாரோடயும் சேர்ந்து ஒரு ஓட்டுன்னு இருந்தா கதையே வேற. அவர் மறுத்தா காரணம் எழுதித் தரணுமா, மேல சினட்டுக்குப் போகலாமானும் அதே பக்கத்துல தேடுங்க.

உபதேசம், ஆராதனை முறை, சாக்கிரமெந்து (ஞானஸ்நானம், நற்கருணை மாதிரி) விஷயத்துல பிஷப்புகளுக்குத் தனி இடம் உண்டு, அது நியாயமும்கூட. இங்கிலாந்துல அந்த மாதிரி தீர்மானத்தோட கடைசி வாசகத்தை பிஷப்புகள் ஹவுஸ்தான் வைக்கணும், ஆனா அங்கயும் மத்த ரெண்டு ஹவுஸும் ஓட்டுப் போட்டாதான் நிறைவேறும். நிலம் விக்கிறது எப்படிப் பாத்தாலும் உபதேச விஷயம் ஆகாது.

இன்னொண்ணு, குருமாரை எதிரியா பாக்காதீங்க. அவங்க டிரான்ஸ்ஃபர், சம்பளம், அடுத்த போஸ்டிங் எல்லாம் தலைமை நாற்காலியில உக்காந்திருக்கவர் கையிலதான் பெரும்பாலும் இருக்கு, அவர் முன்னாடி கையைத் தூக்கி எதிர்ப்பு சொல்றது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. ரகசிய ஓட்டு கேளுங்கன்னு நான் சொல்றது உங்களுக்காக இல்ல, அவங்களுக்காக. உங்களுக்கு இருக்கிற சுதந்திரம் அந்த ஹால்ல அவங்களுக்கு இல்ல, அதனாலதான் கேள்வி கேக்கற பொறுப்பு உங்க மேல கொஞ்சம் கூடுதலா விழுது. அதே நேரம் லே பக்கத்துலயும் தப்பு உண்டு, டயோசிஸ் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறவங்களே ஃபைனான்ஸ் கமிட்டியில இருந்ததை நான் பாத்திருக்கேன். சம்பந்தம் உள்ளவங்க அந்த அஜெண்டா வரும்போது எழுந்து வெளிய போகணும், குருவானாலும் லேயானாலும்.

ஒரு கூட்டம் இன்னும் ஞாபகம் இருக்கு. காலையிலதான் டேபிள்ல பேப்பர் வச்சாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி அவசரமா நிலத் தீர்மானத்தைப் படிச்சு "எல்லாருக்கும் சம்மதம்தானே"னு தலைவர் கேட்டார், கை தட்ட ஆரம்பிச்சாச்சு. பின் வரிசையில ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தங்க எழுந்து, "ஐயா, மதிப்பீடு எந்தப் பக்கத்துல இருக்கு?"னு கேட்டாங்க. வேற எதுவும் பேசல. எல்லாரும் பேப்பரைப் புரட்டுனோம், மேடையில இருந்தவங்களும் புரட்டுனாங்க, மதிப்பீட்டு அறிக்கையே வைக்கல. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போச்சு. யாரும் யாரையும் திட்டல, சண்டை இல்ல.

உங்க விஷயத்துக்கு வருவோம். நிலத் தீர்மானம் எந்த விதியின் கீழ வந்துச்சு, கவுன்சிலோட சம்மதம் தேவையா ஆலோசனை போதுமா, மதிப்பீட்டு அறிக்கை இருக்கா, அந்த நிலம் யாராவது குறிப்பிட்ட காரியத்துக்குனு எழுதிக் கொடுத்ததானு (அப்படிக் கொடுத்ததுனா வித்த பணத்தை வேற எதுக்கும் தொடக்கூடாது) நாலே வரியில செயலாளருக்குக் கடிதம் எழுதுங்க, போன்ல கேக்காதீங்க. போன கூட்டத்து மினிட்ஸ் காப்பியும் கேளுங்க. அடுத்த கூட்டத்துல மினிட்ஸ் உறுதி பண்ணும்போது நீங்க கேட்ட கேள்வி அதுல இல்லைன்னா, அதைச் சேக்கச் சொல்லுங்க, கையெழுத்து ஆகுறதுக்கு முன்னாடியே. உங்களை வழிமொழிய ஒரு ஆள் வேணும், அதுக்கு இப்பவே ரெண்டு மூணு பேர்கிட்ட பேசி வச்சுக்கோங்க, அதுல ஒருத்தர் குருவானவரா இருந்தா ரொம்ப நல்லது. உங்க பக்கத்துல உக்காந்த அந்த ஐயர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்.