திருகோணமலையில் சாதாரண குடும்பங்களுக்குக் கட்டுப்படியான வீடு: காணிப் பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்

கேள்வி: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியான சமூக வீடமைப்பை எப்படிச் செய்யலாம்? திருகோணமலை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் வீட்டுத் திட்டங்களில் பதினொரு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். அத்திவாரம் முடிந்ததா, கதவு, யன்னலுக்கு மேலான லிண்டல் மட்டம் வந்ததா, கூரை ஏறியதா என்று அளந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தவணை விழும். போகிற வளவெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, காசு எப்ப விழும்?"

வீட்டின் விலையைப் பேச முதல் காணியைப் பேச வேண்டும். எங்கள் மாவட்டத்து ஏழைக் குடும்பங்களில் நிறையப் பேரிடம் இருப்பது முழு உரிமை தரும் காணி உறுதி அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரம். அதை விற்கவோ விரும்பியபடி துண்டாடவோ முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று (பின்னுரித்தாளர்) பெயர் குறிக்காமல் பத்திரக்காரர் இறந்துவிட்டால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று சட்டம் சொன்னது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

கிழக்கில் நடைமுறை இதற்கு நேர்மாறு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தாய் தகப்பன் வீடு கட்டுவது மகளுக்குத்தான். மூன்று பெண்பிள்ளை என்றால் மூன்று வீடு. திட்டங்களோ குடும்பத்துக்கு ஒரு வீடு என்று எண்ணி, கோப்பை மூடிவிடும்.

சம்பூர்ப் பக்கம் ஒரு தாய். 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஒன்பது வருடத்துக்கு மேல் தகரக் கொட்டிலில் இருந்து திரும்பி வந்தவர். மூன்று மகள்மார். வீட்டுக்குக் காசு வந்ததும் மேசனைப் பிடித்து, அத்திவாரத்தைப் பின்பக்கம் பத்தடி கூட்டிப் போட்டுவிட்டார். இரண்டாவது மகளுக்கு ஓர் அறை பிறகு எழுப்பலாம் என்ற நினைப்பு. காதில் கிடந்த தோட்டை விற்றுத்தான் அந்தப் பத்தடிக்குக் கல்லும் மணலும் எடுத்திருந்தார். "வரைபடத்தின்படி இல்லை" என்று நான் எழுதினேன். தவணை நின்றது. பிறகு மாரி வந்துவிட்டது. வாங்கி வைத்த சீமெந்து பையோடு இறுகிப்போனது. நான் எழுதியது பிழை. குறைந்த செலவில் கட்டும் வித்தை எங்களை விட அவருக்கே தெரிந்திருந்தது.

அதனால் ஒரு நாளில் சாவி கொடுக்கும் வீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு இரும்பில் செய்து கொண்டுவந்து பூட்டும் 65,000 பொருத்து வீடுகள் தருவதாகப் பேச்சு அடிபட்டது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம். அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று அப்போதே கணக்குக் காட்டினார்கள். சித்திரை வெயிலில் அந்த இரும்புக்குள் யார் படுப்பது? அதற்கு முன்னர் இந்தியா தந்த 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் உரிமையாளரே கட்டினார். வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக அவர் கணக்குக்கே போனது. குறைகள் இருந்தன. ஆனாலும் காசு ஊர் மேசனுக்கும், கிண்ணியாவிலிருந்து மணல் ஏற்றும் டிராக்டர்காரருக்கும் போனது. வீட்டுக்காரர் தன் வளவிலேயே கல் அரிந்து செலவைக் குறைத்தார்.

தவணை முறையில் இரண்டு விடயம் மாற வேண்டும். முதல் காசு மாசியில் விழ வேண்டும். ஐப்பசியில் விழுந்தால் தை வரை வேலை நடக்காது. அடுத்தது விலை. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தை நெருங்கியது. தொகையை முதலிலேயே எழுதி வைத்து அசையாமல் இருந்தால் வீடு லிண்டலோடு நின்றுவிடும். என் அக்காவின் வீடு அப்படித்தான் மூன்று வருடம் நின்றது. சீட்டுப் பிடித்த காசில்தான் கூரை போட்டா.

இடமும் முக்கியம். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். பின்னர் தளர்த்தினாலும், அதற்குள் பலருக்கு உள்ளே தள்ளி வீடு கொடுத்தாயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டு வலையோடு கரையோர வாடிக் கொட்டிலில் படுத்த மீனவரை நான் பார்த்திருக்கிறேன்.

நடுத்தர வருமானக்காரர் பாடு இன்னும் சிக்கல். நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்பவர், ஓட்டோ ஓடுபவர், கடைச் சிப்பந்தி: அரசின் அஸ்வெசும உதவிப் பட்டியலிலும் பெயர் இல்லை, வங்கிக்குக் காட்டச் சம்பளத் துண்டும் இல்லை. சுற்றுலா வந்ததால் உப்புவெளிப் பக்கம் காணி அவர்கள் கைக்கு எட்டாது. டவுனில் வாடகை வீட்டுக்கு மாதக்கணக்கில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். இவர்களுக்கு இலவச வீடு வேண்டாம். தண்ணீர்க் குழாயும் பாதையும் போட்ட சிறு காணித் துண்டு, நீண்ட தவணையில், பத்திரத்தோடு கிடைத்தால் போதும். அதில் ஓர் அறையும் மலசலகூடமும் முதலில்; மிச்சத்துக்கு அத்திவாரம் மட்டும். 15 வருட அடமானத்தை விட, இரண்டு மூன்று வருடத்தில் அடைத்து முடித்துத் திரும்ப எடுக்கும் சிறு கடனே இவர்களுக்கு ஒத்துவரும். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: சிறிய கடன், எப்படிக் கட்டுவது என்ற முடிவு வீட்டுக்காரரிடம்.

பத்துக் குடும்பம் சேர்ந்தால் சீமெந்தை மொத்தமாக எடுக்கலாம், ஒரே அச்சில் கல் அரியலாம். மாதர் சங்கத்துக் கொப்பியில் கணக்கு இருந்தால் காசு எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சம்பூர்த் தாயின் பத்தடி அத்திவாரத்தின் மேல் இப்போது இரண்டாவது மகள் இருக்கிறா. பத்திரம் இன்னும் தாயின் பெயரில்தான்; பின்னுரித்தாளராக யாரையும் பதியவில்லை. நீங்கள் சங்கமாக எதையும் தொடங்குவதானால், முதல் கல்லை எடுக்க முன்னர் ஒரு நாள் எல்லாரையும் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெயரைப் பதிவித்துவிடுங்கள்.